மூணாவது கூப்பாடு

கோர்ட்டு வராந்தாவில் கிடந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. ஓரத்தில் உட்கார்ந்தால் டக்கென்று சத்தம் போட்டு அத்தனை பேரையும் திரும்பிப் பார்க்க வைக்கிறது, நடுவில் உட்கார்ந்தால் சத்தமில்லை, ஆனால் நடுவில் உட்கார்ந்திருக்கிறவனை எல்லாரும் பார்க்கத்தானே செய்வார்கள், பார்க்கட்டுமே, அதற்குத்தானே வந்திருக்கிறது என்று சங்கரநயினார் நடுவுக்கே நகர்ந்து, மடியில் இருந்த துணிப்பையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். உள்ளே ஒரே ஒரு எலுமிச்சம்பழம். வக்கீலம்மாவுக்கு. இலவச சட்ட உதவி மையத்தில் அவருக்கென்று கொடுத்த வக்கீல், பீஸ் என்று எதை நீட்டினாலும் முகம் சுருங்கிப் போகும், பழத்தை நீட்டினால் மட்டும் வாங்கி, மோந்து பார்த்து, கறுப்புக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்ளும். புளியங்குடி மார்க்கெட்டில் கமிஷன் கடை போட்டு, மலை மாதிரிக் குவிந்த பழத்துக்கு முன்னால் நின்று ஒரு தரம் ரெண்டு தரம் என்று தொண்டை கிழிய ஏலம் கூறிய மனுஷன், இன்றைக்குப் பெட்டிக்கடையில் காசு கொடுத்துப் பழம் வாங்கியிருக்கிறார். வாங்கின உடனே பக்கத்தில் நின்ற மகள் அந்தக் கடைக்காரன் மாதிரியே மூக்கால் பேசிக் காட்டுகிறாள், "அண்ணாச்சி கைக்கே பழமா, எங்கடைக்கு வந்த பெருமையை எங்க போய்ச் சொல்லுவேன்." கடைக்காரனே சிரித்துவிட்டான். சிரித்துவிட்டு இன்னொரு பழம் சும்மா போட வந்தான், வேண்டாம் என்று கையை மூடிக்கொண்டார். இனிமேல் யாரிடமும் எதுவும் பிறகு தருகிறேன் என்று வாங்கக் கூடாது. சும்மா என்றாலும் கூடாது. சும்மாவும் ஒரு கடன்தானே. அப்படியானால் வக்கீலம்மா செய்கிறது? அந்த இடத்தில் நினைப்பு முள்ளில் மாட்டின வேட்டி மாதிரி நின்றது. எலுமிச்சைக்கு முள் உண்டு. பறிக்கிறவள் கையைக் கேட்டால் சொல்லும்.

இன்றைக்கு மனு விசாரணை. திவால் மனு என்று தாளில் எழுதியிருக்கிறது, ஊர் வாயில் அது மஞ்சக் கடுதாசி. பேரைக் கூப்பிட்டதும் உள்ளே போய்க் கூண்டில் ஏறி, வாங்கின கடனை என்னால் கட்ட முடியாது என்று அவர் வாயால் அவரே சொல்ல வேண்டும். சொன்னால், வீட்டையும் கடையையும் கோர்ட்டே எடுத்து விற்று, கொடுத்தவர்களுக்கெல்லாம் பங்கு வைத்துக் கொடுக்கும். அதற்கப்புறம் ஒருத்தனும் வாசலில் வந்து நின்று உலகம்மா பேரையும் ஆவுடையம்மா பேரையும் சேர்த்து ஏச முடியாது. ஆவுடையம்மா அவர் வீட்டுக்காரி, உலகம்மா மகள், உலகு என்றால்தான் திரும்புவாள். சொல்லாவிட்டால் மனு கவிழ்ந்துவிடும். காலையில் வக்கீலம்மா, ஜெசிந்தா என்று பேர், நாகர்கோவில் பக்கம், மாடிப்படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போயிற்று: "மேல உள்ள கோர்ட்டுல ஒரு ஜீவனாம்சக் கேசு கிடக்கு அண்ணாச்சி, முடிச்சிட்டுப் பறந்து வாறேன். அதுக்கு முன்ன உங்களைக் கூப்பிட்டா, இருக்கேன்னு சத்தம் குடுத்துட்டு உள்ள போயி நில்லுங்க, கேட்டியளா? மூணு கூப்பாட்டுக்குள்ள ஆளு இல்லன்னா மனுவைத் தள்ளிருவாங்க. தள்ளினா, இவ்வளவு நாளு பட்ட பாடும் வெள்ளத்துல போட்ட உப்பாக்கும்." படியேறிப் போன காலடிச் சத்தம் அடங்குமுன்னே தூணுக்குப் பின்னால் இருந்து அதே குரல், அதே மூச்சு வாங்கல், "உப்பாக்கும், கேட்டியளா?" திரும்பிப் பார்த்தால் இரட்டைச் சடை. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அப்பனுக்குத் துணை வந்திருக்கிறது.

அதோடு விட்டாளா. கொஞ்ச நேரம் கழித்து, அவர் அசந்து சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "சங்கரநயினார்ர்ர்!" என்று வாசலில் சிவப்புப் பட்டை போட்டு நின்ற டவாலியின் குரல். எழுந்த எழுப்பில் பெஞ்சு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், பை விழுந்து பழம் உருண்டு ஒரு போலீஸ்காரர் பூட்ஸ்காலில் போய் முட்டிற்று. டவாலி அங்கே காதைக் குடைந்துகொண்டு நிற்கிறான், வாயே திறக்கவில்லை. தூணுக்குப் பின்னால் இருந்து உலகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "மூதி," என்றார், பழத்தைத் துடைத்துக்கொண்டே, "கோர்ட்டுல வந்துமாட்டி உன் சேட்டை?" "எப்பா, எப்படி இருந்துச்சு சொல்லு. அந்த ஆளு பேரை இழுக்கல, கடைசி எழுத்தைத்தான் இழுக்கான், கவனிச்சியா? வெத்தலை போடுத ஆளு, நாக்கு தடிச்சிருக்கு." கவனிக்காமல் இருப்பாரா, ஆயுசு முழுக்கக் கூப்பாடு போட்டவர். நல்ல தொண்டைதான். ஆனால் மூச்சை நெஞ்சிலிருந்து எடுக்கிறான், வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். இன்னொரு தடவை ஏமாற மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். இனி எழுந்தால் வக்கீலம்மா வந்து தோளைத் தொட்டால்தான், அல்லது அந்த டவாலி வாயசைவதைக் கண்ணால் கண்டால்தான். ஆனால் பெஞ்சு நடுவில் உட்கார்ந்தால் தூண் மறைக்கிறது, டவாலியின் பாதி வயிறுதான் தெரிகிறது. ஓரத்துக்குப் போனால் பெஞ்சு சத்தம் போடும். இருக்கட்டும்.

அவர் தலைக்குள் இப்போதெல்லாம் எந்தக் குரலும் ஒற்றையாக வருவதில்லை. ரெண்டு ரெண்டாக வருகிறது, உடையவன் வாயில் ஒரு தடவை, உலகு வாயில் ஒரு தடவை. பைனான்ஸ்காரன் மொக்கராசு, மதுரைப் பக்கத்து ஆள், புல்லட்டை வாசல்படி வரைக்கும் ஏற்றி நிறுத்திவிட்டு, "ஏண்ணே, போனை எடுத்தா கொறஞ்சா போயிருவீங்க? நாங்க என்ன கொலையாண்ணே பண்ணப் போறோம், பேசத்தாண்ணே வந்திருக்கோம்," என்பான். அண்ணே அண்ணே என்கிற அந்தக் குரலில் இருந்த கத்தியை அவருக்குத்தான் தெரியும். போன் மணி அடித்தால் சோற்றுத் தட்டில் கை நின்றுவிடும். ஆவுடையம்மா அடுப்படி விளக்கை அணைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள், பட்டப்பகலில் விளக்கை எதற்கு அணைக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த மாதிரி ஒரு நாளில், புல்லட் சத்தம் தெருமுனை திரும்பி மறைந்த உடனே, உலகு நடுவீட்டில் கால் பரப்பி நின்று, இல்லாத மீசையைத் தடவி, "ஏண்ணே, ரசத்துல உப்புக் கம்மியாண்ணே? சொல்லுங்கண்ணே, பேசத்தாண்ணே வந்திருக்கோம்," என்றாள். ஆவுடையம்மாதான் முதலில் சிரித்தாள். சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயில் அடித்துக்கொண்டாள். அவருக்கு முதலில் கோபம் வந்தது. ஏனென்றால் அவர் பயம் அவருடைய பயம், அதை எடுத்து விளையாட இவள் யார். ஆனால் அடுத்த தடவை மொக்கராசு வந்து நின்று அண்ணே என்றபோது அவர் காதில் ரசத்துல உப்புக் கம்மியாண்ணே என்றுதான் கேட்டது. சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் பயத்தை மறந்து போனார். அவன் முகம்தான் குழம்பிப் போயிற்று, கடன்காரன் எதுக்குச் சிரிக்கான் என்று. அந்தப் பிள்ளைக்கு இதற்கு என்ன கொடுப்பது. பெத்தவன் பிள்ளைக்கு நன்றி சொல்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது. தொண்டை வரைக்கும் வந்து, மூதி என்றுதான் வெளியே வருகிறது.

குடுத்திரலாம். அதுதான் அவர் வார்த்தை. மார்க்கெட்டில் அவரைக் குடுத்திரலாம் அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்கள். தோட்டக்காரன் பழத்துக்குக் காசு கேட்டால் குடுத்திரலாம். லாரிக்காரன் வாடகை கேட்டால் குடுத்திரலாம். கோயில் கொடைக்கு வரி கேட்டால் வாயை மூடு முன் குடுத்திரலாம். கொடுக்கவும் செய்தார், அதுதான் விஷயம், கொடுக்காமல் சொன்ன வார்த்தை இல்லை அது. ஊரடங்கு வந்து லாரி நின்ற அந்தக் கோடையில் கடை நிறையப் பழம் தேங்கி, முதலில் மணத்து, பிறகு புளித்து, பிறகு கால் வைத்தால் சறுக்குகிற சேறாகிப் போனபோதும், அத்தனை தோட்டக்காரனுக்கும் குடுத்திரலாம் என்று சொல்லி வெளியில் வாங்கிக் கொடுத்தார். வாங்கினதை அடைக்க இன்னொரு இடத்தில் வாங்கினார். அதை அடைக்க மொக்கராசு. லாரி ஓட ஆரம்பித்த பிறகும் வாங்கினது ஓடிக்கொண்டே இருந்தது, வட்டி என்று ஒரு சாமான் இருக்கிறதே, அதற்கு ஊரடங்கே கிடையாது. இப்போதும் எலுமிச்சை மணத்தில் அடியில் அந்தப் புளிப்பு லேசாக வருகிறது. பைக்குள் இருக்கிற இந்த ஒற்றைப் பழத்தில்கூட வருகிறதா என்று குனிந்து மோந்து பார்த்தார். இல்லை. நல்ல பழம். தோல் மினுங்கினது. பெட்டிக்கடைக்காரன் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறான், அவனும் நல்லா இருக்கட்டும்.

முதல் பஸ்ஸுக்குப் போய் நின்ற அந்த விடியற்காலை. அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார், ஆனால் நினைக்காமல் சுற்றிப் போக வழி இல்லை, மற்ற எல்லா நினைப்பும் அந்த பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போகிறது. ஒரு பையில் ரெண்டு வேட்டி. திருப்பூர்ப் பக்கம் போய் யாருக்கும் தெரியாத ஒரு பேரில் மூட்டை தூக்கினால் போதும், ஆள் இல்லாத வீட்டை எத்தனை நாள் ஏசுவார்கள் என்று ஒரு கணக்கு. தப்பான கணக்கு, ஆள் இல்லாவிட்டால் ஏச்சு இரட்டிப்பாகும் என்று தெரிந்தேதான் போட்டார். பஸ் வெளிச்சம் திரும்பி முகத்தில் விழுகிறது, கண்டக்டர் விசில் வாயில் இருக்கிறது, காலைத் தூக்கிப் படியில் வைக்கப் போகிறார், பின்னால் இருந்து, "ஏண்ணே, சொல்லாமக் கெளம்பிட்டீங்க? ஒரு வார்த்தை சொன்னா நாங்களும் கூட வர மாட்டோமாண்ணே?" மொக்கராசு! தூக்கின கால் தரைக்கே இறங்கிற்று. திரும்பினால், தூங்கி எழுந்த தலையோடு, செருப்புகூட இல்லாமல், உலகு. இடுப்பில் கைவைத்து இல்லாத மீசையைத் தடவிக்கொண்டு. அவர் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பு பாதி வழியில் வேறு எதுவாகவோ திரும்பிற்று. "எப்பா." அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை யாருடைய குரலாகவும் இல்லை. இந்தப் பிள்ளைக்கென்று ஒரு குரல் இருக்கிறது, சத்தம் கம்மி, கொஞ்சம் கரகரப்பு, சின்ன வயதில் காய்ச்சலில் தண்ணி கேட்ட அதே குரல் என்று அன்றைக்குத்தான் அவருக்கு நினைவு வந்தது. கண்டக்டர் விசிலை எடுத்துவிட்டு, "வாரியளா வரலியா?" என்றார். "வரல," என்றார் சங்கரநயினார். பஸ் போயிற்று. அந்தக் கண்டக்டர் ஒரு நொடி பொறுத்தாரே, அவருக்கும் ஒரு கும்பிடு. ரெண்டு பேரும் திரும்பி நடந்தார்கள். ஆற்றுப்பாலம் தாண்டினதும் உலகு வேறு ஒரு குரலை எடுத்துப் போட்டுக்கொண்டாள், மழைக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொள்கிற மாதிரி. "மஞ்சக் கடுதாசின்னு யாரும் கேலி பண்ணக் கூடாது பிள்ளைகளே. அது ஓடுதவனுக்கு உள்ள வழி இல்ல, ஓடாம நிக்குதவனுக்குச் சட்டம் போட்டுக் குடுத்த வழியாக்கும். வக்கீல் வைக்கக் காசில்லன்னா கோர்ட்டுக்குள்ளயே இலவசமா நாங்க இருக்கோம், கேட்டியளா?" சங்கரநயினார் நின்றுவிட்டார். "யாருட்டி இது?" "எங்க பள்ளிக்கூடத்துக்குச் சட்ட விழிப்புணர்வு முகாம்னு வந்தாங்கப்பா. போன வாரம்." "திருப்பிச் சொல்லு." சொன்னாள். "இன்னொரு மட்டம் சொல்லு." வீடு வரும் வரைக்கும் அந்த நாகர்கோவில் குரல் கூடவே நடந்து வந்தது.

அதனால்தான் பிறகு இந்த வராந்தாக் கோடியில், மின்விசிறி கரகரக்கிற அந்தச் சின்ன அறையில், நிஜ ஜெசிந்தா வக்கீலை முதல் தடவை பார்த்து, அந்தம்மா வாயைத் திறந்து, "உக்காருங்க, என்ன விசயமாக்கும்?" என்று கேட்டபோது, அடடா நம்ம பிள்ளை மாதிரியே பேசுதே என்று நினைத்துச் சிரித்துவிட்டார். சிரித்தபடியே அழுதார். அழுகிறவர்களுக்கென்று மேசையில் ஒரு செம்புத் தண்ணீர் மூடி வைத்திருந்தது. அந்தம்மா அதை அவர் பக்கம் நகர்த்தியது. அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி இன்னும் தொண்டையில் இருக்கிறது. யார் யாரிடம், எப்போது, எதற்கு என்று அந்தம்மா கேட்கக் கேட்க, ஒளிக்காமல் சொல்லச் சொல்ல, உடம்பிலிருந்து ஒவ்வொரு மூட்டையாக யாரோ இறக்குகிற மாதிரி இருந்தது. கடைசியில் தாளைத் தட்டச்சு அடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "என்ன தேடுதிய?" "மஞ்சள் எங்கம்மா?" வெள்ளைத் தாள்தான், நாலு பக்கமும் வெள்ளை. அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அடுத்த அறைக் குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "ஊருக்காரங்க வாயில உள்ள மஞ்சளாக்கும் அது. இதுல நீங்க எதையும் மறைக்கல, யாரையும் ஏமாத்தல. பின்ன எதுக்குப் பயப்படுதிய?" வக்கீல் நோட்டீஸ் போன மறுவாரம் மொக்கராசின் புல்லட் தெருவுக்குள் வரவில்லை. ஆவுடையம்மா பட்டப்பகலில் அடுப்படி விளக்கைப் போட்டுக்கொண்டு மீன் குழம்பு வைத்தாள். தேவையே இல்லாமல் எரிந்த அந்த விளக்கை அவர் அணைக்கவில்லை. ஒரு விளக்கு எரிய விட்டதற்கு ஒரு மனுஷிக்கு ஒற்றை எலுமிச்சம்பழமா? அதுதான் மறுபடி மறுபடி வந்து மாட்டுகிற முள்.

"ஒண்ணே ஒண்ணு," என்று போன வாய்தாவில் வக்கீலம்மா விரலை நீட்டிச் சொல்லியிருந்தது, "கடனைக் கட்ட முடியுமான்னு ஜட்ஜ் கேக்கும்போது, உங்க வழக்கத்துல குடுத்திரலாம்னு மட்டும் சொல்லிராதீங்க. குடுத்திரலாம்னா பின்ன எதுக்கு வந்தீருன்னு மனு அங்கயே கவுந்துரும்." அவருக்கு அது சின்ன விஷயமாகத்தான் பட்டது. வீட்டில் ஒத்திகை பார்த்தபோதுதான் தெரிந்தது. உலகு அம்மாவின் கறுப்புச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டுக்கல் மேல் உட்கார்ந்து, தொண்டையைக் கட்டையாக்கி, "ம்ம், என்னய்யா, உம்மால கடனைக் கட்ட முடியுமா முடியாதா?" என்று உறுமுவாள். அவர் கைகட்டி நிற்பார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறப்பார். "ரெண்டு மாசம் பொறுத்தா குடுத்திரலாம்யா." "தோல்வி!" என்று கரண்டியால் ஆட்டுக்கல்லில் தட்டுவாள். மறுபடி. "முடி... பாத்துக் குடுத்திரலாம்." "தோல்வி! இந்த ஆளைத் தூக்கிக் கொல்லையில் போடுங்கள்!" ஆவுடையம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, வெங்காயத்துக்கா எதற்கா என்று தெரியாமல் கண்ணைத் துடைப்பாள். டவாலியாக உலகு, ஜட்ஜாக உலகு, வக்கீலாக உலகு, வீடே ஒரு கோர்ட்டு. அதில் அவர் மட்டும்தான் அவராக நின்றார். நேற்றுவரைக்கும் ஒரு தடவைகூட அந்த வார்த்தை முழுசாக வரவில்லை. முடி என்பது வரைக்கும் வரும். மிச்சம் நாக்கடியில் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிக்கொள்கிறதற்குக் காரணம் மொக்கராசு இல்லை. காரணம் எதிர்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மாடத்தி. சிந்தாமணிப் பக்கம் கொஞ்சம் எலுமிச்சை மரம் வைத்துப் பிழைக்கிறவள், பழம் விற்ற காசைக் கையில் வாங்காமல், "உம்ம கிட்டயே கிடக்கட்டும் அண்ணாச்சி, மக கல்யாணத்துக்கு மொத்தமா வாங்கிக்கிடுதேன்," என்று கடையிலேயே விட்டு வைத்தவள். அவளுக்கும் கோர்ட்டு நோட்டீஸ் போயிருக்கிறது, கடன் கொடுத்தவர்கள் வரிசையில் அவளும் ஒருத்தி. மொக்கராசுக்கு முடியாது என்று சொல்லலாம். மாடத்தி காதுபட எப்படிச் சொல்வது. காலையிலிருந்து அவர் அவளைப் பார்க்காமல் சுவரை, பல்லியை, போலீஸ்காரர் பூட்ஸை என்று பார்த்துத் தீர்த்துவிட்டார். கடைசியில் அவளே எழுந்து வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ரெண்டு முறுக்கை எடுத்து ஒன்றை நீட்டினாள். "இந்தாரும். காலையில ஒண்ணும் தின்னிருக்க மாட்டீரு." "மாடத்தி, உன் காசு..." "காசுக்கு என்ன. வீட்டை வித்தா எனக்கும் ஒரு பங்கு வருமாம், உம்ம வக்கீலம்மா ஆள விட்டுச் சொல்லி அனுப்பிச்சு. முழுசா வராதாம். வாரது வரட்டும். எங்க ஊர்ல ஒருத்தன் சீட்டுப் பணத்தோட ராவோட ராவா ஓடிட்டான், அவன் மூஞ்சியக்கூட எங்களால பாக்க முடியல. நீரு ஓடல. மூஞ்சியக் கொண்டுவந்து இங்கன வச்சிருக்கீரு." அவர் முறுக்கைக் கடித்தார். சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. ஓடல என்கிறாளே, அந்த பஸ் ஸ்டாண்டு இவளுக்குத் தெரியாது. ஓடாமல் இழுத்துப் பிடித்தது ஒரு செருப்பில்லாத பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தார், வாயில் முறுக்கு. அதற்குள் உலகு அவர் சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை உருவிக்கொண்டு, "குமாஸ்தா ஜெராக்ஸ் கேக்காரு, கீழ எடுத்துட்டு வந்திருதேன். எங்கயும் போயிராத," என்றாள். பிறகு மாடத்தியைப் பார்த்து, மாடத்தி குரலிலேயே, "இந்தாரும், மூஞ்சிய இங்கனயே வச்சிரும்." மாடத்தி கையை ஓங்கினாள். ஓங்கின கையோடு சிரித்தாள். உலகு ஓடிப்போனாள்.

வெயில் தூணைத் தாண்டி பெஞ்சின் கால் வரைக்கும் வந்திருந்தது. முறுக்கின் உப்பு நாக்கில் இருந்தது. வயிற்றில் ஏதோ ஒன்று போனதும் உடம்பு இளகி, கண்ணை மூடினால் எல்லாம் வரிசையாக வந்து நின்றது, செம்புத் தண்ணீர், அடுப்படி விளக்கு, விசிலை வாயிலிருந்து எடுத்த கண்டக்டர், இந்த ஒற்றை முறுக்கு. மனுஷன் விழுகிறபோது தாங்கியது எல்லாமே சின்னச் சின்ன சாமான்தான். பெரியதாக எதுவும் கை கொடுக்கவில்லை, பெரியதெல்லாம் வட்டி கேட்டது. "சங்கரநயினார்ர்ர்!" வந்துவிட்டாள் மூதி. இவ்வளவு சீக்கிரமா ஜெராக்ஸ் எடுத்தாள், இல்லை எடுக்கவே போகவில்லை, தூணுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் சிரித்தது. காலையில் இருந்ததைவிடத் தேறியிருக்கிறாள், நாக்குத் தடிப்பு அப்படியே இருக்கிறது, வெற்றிலைச் சாறுகூடக் கேட்கிறது. ஒரு தரம், என்று மனசுக்குள் எண்ணினார். பக்கத்தில் யாரோ நகர்ந்தார்கள். மாடத்தி என்னவோ சொன்னாள், "அண்ணாச்சி, உம்மைத்தான்..." ம்ம், நீயும் அவள் கூட்டாளியா, அதுதான் அந்தச் சிரிப்பா. "சங்கரநயினார்ர்ர்!" ரெண்டு தரம். மூச்சை நெஞ்சிலிருந்துதான் எடுக்கிறாள், அந்த ஆளின் தப்பையும் விடாமல் எடுத்திருக்கிறாளே, என்ன பிள்ளை இது, இந்தப் பிள்ளை போதாதா எனக்கு. மார்க்கெட்டில் அவர் ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு மூச்சு விடுவார். கூச்சப்பட்டு நிற்கிற சின்ன வியாபாரிக்காக. கேட்கலாமா வேண்டாமா என்று கை வேட்டிக்குள்ளேயே நிற்கும், அந்த ஒரு மூச்சில்தான் கை வெளியே வரும். அந்த மூச்சை விடாமல் சட்டென்று மூணு தரம் என்று முடிக்கிறவன் நல்ல ஏலக்காரன் இல்லை. இதோ, இந்தக் குரலும் ஒரு மூச்சு விடுகிறது. உலகுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? அவள் ஒருபோதும் பொறுக்க மாட்டாளே, அடுத்தடுத்துக் கொட்டிவிடுவாளே. அப்போது படிக்கட்டுப் பக்கத்திலிருந்து, வராந்தா அதிர, "இருக்கேன்யா! சங்கரநயினார் இருக்கேன்!"

அது அவர் குரல். மார்க்கெட்டில், பழக் குவியலுக்கு மேல், எட்டூர் வியாபாரிக்கும் கேட்கிற மாதிரி வயிற்றிலிருந்து எடுத்த குரல். ஊரடங்குக் கோடைக்குப் பிறகு அவர் காதே கேட்டிராத குரல். தன் வாய் மூடியிருக்கிறதா என்று உதட்டைத் தொட்டுப் பார்த்தார், மூடித்தான் இருந்தது, முறுக்குத் தூள் ஒட்டியிருந்தது. கண்ணைத் திறந்தார். கீழேயிருந்து வருகிற படியின் கடைசித் தட்டில் கையில் ஜெராக்ஸோடு உலகு மூச்சிரைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் அங்கே என்றால்? எட்டிப் பார்த்தார். பெஞ்சு டக்கென்றது. வாசலில் டவாலி, மூணாவதுக்குத் திறந்த வாயோடு, படியையும் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. "யாருய்யா ஆளு?" "நான்தான்," என்றார் சங்கரநயினார். எழுந்துவிட்டிருந்தார், எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. அந்தக் குரல் கூப்பிட்டு எழுந்த மாதிரி இருந்தது. "நான்தான்யா. மூச்சு விட்டதுக்குப் புண்ணியம்." டவாலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "போங்க, சீக்கிரம்," என்று கதவைப் பிடித்துக்கொண்டான்.

உள்ளே ஆட்டுக்கல் இல்லை. உறுமல் இல்லை. உயரத்தில் உட்கார்ந்திருந்த ஜட்ஜம்மாவுக்குச் சளி பிடித்திருந்தது, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண் விலாசம் கேட்கிற மாதிரி, "வாங்க. என்ன தொழில் பண்ணுனீங்க?" என்றார். இந்தக் குரலை உலகு செய்து காட்டவே இல்லை, இதற்கு அவரிடம் ஒத்திகை இல்லை. "எலுமிச்சை ஏலம்மா." "வக்கீல்?" "மேல இருந்து வாராங்க." பின்னால் கதவு அசைந்தது, மாடத்தி உள்ளே வந்து சுவரோடு ஒட்டி நின்றாள், அவள் முழங்கால் சொடக்கு விட்ட சத்தம்கூட அவருக்குக் கேட்டது. ஜட்ஜம்மா தாளைப் புரட்டினார். "இவ்வளவு பேர்கிட்ட வாங்கியிருக்கீங்க. உங்களால இதைக் கட்ட முடியுமா?" கேட்டதில் அவ்வளவு தன்மை இருந்ததால் நாக்கு பழைய தடத்துக்கே ஓடிற்று, மரியாதையாகக் கேட்கிற எல்லாருக்கும் அவர் சொல்கிற வார்த்தை, கு என்று உதடு குவிந்தேவிட்டது. குவிந்த உதட்டோடு நின்றார். படிக்கட்டில் கேட்ட அந்தக் குரல் காதில் இருந்தது. அது எங்கே இருந்து மூச்சை எடுத்தது? வயிற்றிலிருந்து. பேரைக் கூப்பிட்டதற்கு வேண்டுமானால் அந்தப் பிள்ளை பதில் சொல்லலாம், இதற்குச் சொல்ல முடியாது. மாடத்தி நின்ற சுவரைத் திரும்பிப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், இன்றைக்கு முதல் தடவையாக நேராகப் பார்த்தார். அவள் தலையை லேசாக, சொல்லும், என்கிற மாதிரி அசைத்தாள்.

"முடியாதும்மா."

சுவரில் பட்டு அது திரும்பி வந்தது. தட்டச்சு அடிக்கிற பெண் விரலைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். ஜட்ஜம்மா மூக்குக்கு நேரே பிடித்த கைக்குட்டையை இறக்கி மேசையில் வைத்தார். "ஆட்சேபம் சொல்ல யாரும் வந்திருக்காங்களா?" நோட்டீஸ் போன இடங்களில் இருந்து வந்தவள் மாடத்தி ஒருத்திதான், அவள், "எனக்கு ஒண்ணும் இல்ல தாயி, அவரு சொன்னது நெசம்தான்," என்றாள். அங்கியின் ஒரு கை மாட்டாமல் தொங்க ஜெசிந்தா வக்கீல் ஓடி வந்து பக்கத்தில் நின்றபோது ஜட்ஜம்மா எழுதிக்கொண்டிருந்தார், எழுதி முடித்து, "மனுவை ஏத்துக்கிறேன்," என்று அடுத்த கேஸ் கட்டை எடுத்தார். வக்கீலம்மா அவரைப் பார்த்தது, "சொல்லிட்டியளா?" என்று மூச்சாலேயே கேட்டது. அவர் பையிலிருந்து பழத்தை எடுத்து ரெண்டு கையாலும் நீட்டினார். இந்தத் தடவை நினைப்பு எந்த முள்ளிலும் மாட்டவில்லை. பிறகு காதைத் தீட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி நின்றார், இந்நேரம் அந்த வார்த்தை உலகு வாயில் திரும்பி வந்திருக்க வேண்டும், வீட்டில் ஒரு இருமலைக்கூட விட்டு வைக்காதவள். கதவிடுக்கில் ரெண்டு சடை தெரிந்தது. உலகு ஜெராக்ஸ் தாளை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் வராந்தாவில் யாரும் திருப்பிச் சொல்லவில்லை.